டாம்டாம் வாசிக்கச் சொன்னார்கள், போனால் காங் தொங்குகிறது. ஒரே ஒரு அடியை எப்படி அடிப்பது?

மூணாவது_டிரம்மர் கேட்டது:

இந்தச் சிக்கலுக்குப் பாதி காரணம் தமிழ் எழுத்து. நான் பதினோரு வருடமாக டிரம் செட் வாசிக்கிறவன். வாரம் ஒருநாள் கூடி சிம்பொனி வாசிக்கும் ஓர் அமெச்சூர் குழுவில் என் நண்பன் இருக்கிறான். "டாம்டாம் வாசிக்க ஆளில்லை, வர்றியா?" என்று மெசேஜ் போட்டான், தமிழில். டாம்டாம்தானே, நம்ம செட்டிலேயே ரெண்டு மாட்டியிருக்கே என்று சரி சொல்லிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் கதவுநிலை மாதிரி ஒரு சட்டம், அதில் லாரி டயர் அகலத்துக்கு ஒரு வெண்கலத் தட்டு. "இது காங் ஆச்சே" என்றேன். "காங் இல்லை, டாம்டாம்" என்றார் குழுவை நடத்தும் கண்டக்டர். அதோடு அவர் வேலை முடிந்தது. அப்புறம்தான் புரிந்தது: நம்ம டிரம் செட்டில் இருப்பது tom-tom, இது tam-tam, தமிழில் எழுதினால் இரண்டும் டாம்டாம்.

வாசிக்கப்போவது ரஷ்ய இசையமைப்பாளர் சாய்க்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனி. முக்கால் மணி நேரப் படைப்பில் எனக்கு வேலை நாலாவது பகுதியில் ஒரே ஒரு அடி. ஒத்திகையில் முதல் தடவை சிம்பல் மாதிரி ஓங்கி வைத்தேன். அது வளர்ந்தது பாருங்கள், நிறுத்த முடியவில்லை. அதை ஒட்டி வர வேண்டிய ட்ராம்போன் ஊதுகுழல்கள் நடுவில் காணாமல் போய்விட்டன. அடுத்த தடவை பயந்துபோய் மெல்லத் தட்டினேன். 'டொக்' என்று பலகையைத் தட்டின சத்தம். கண்டக்டர் குச்சியை இறக்கிவிட்டு, "அடிச்சாச்சா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

கேள்விகள்: காங்குக்கும் டாம்டாமுக்கும் நிஜமாகவே வித்தியாசம் உண்டா? மெல்ல, ஆனால் கேட்கிற மாதிரி அடிப்பது எப்படி? ஸ்கோரில், அதாவது இசைக்குறிப்பில், இந்த வாத்தியத்துக்குப் பக்கத்தில் 'விருப்பப்பட்டால்' என்று போட்டிருக்கிறது. எழுதினவரே விட்டுவிடலாம் என்கிறாரே, விட்டால் என்ன கெட்டுப்போகும்?

---

சொல்வேட்டை:

சேகண்டி, சேமக்கலம் என்று நல்ல தமிழ்ச் சொற்கள் இருக்கும்போது காங் எதற்கு? குழப்பமே வந்திருக்காது.

---

பழைய_சிம்பல்காரன்:

சொல்வேட்டை, வந்திருக்கும். சேகண்டி சின்னது, தடிமனானது, ஒரு கையில் கயிற்றைப் பிடித்து மறுகையில் குச்சியால் தட்டுவது. 'ணங்' என்று ஒரு சுரம், வெட்டினாற்போல. தம்பி முன்னால் தொங்குவது அதன் தூரத்துப் பெரியப்பா. குணம் வேறு. காங் என்பது மலாய், ஜாவா மொழிகளிலிருந்து உலகம் முழுக்கப் போன சொல். அதன் ஓசையைத்தான் அவர்கள் பெயராக வைத்தார்கள். சீனர்களுக்கு லுவோ. நாம் ணங் என்கிறோம், அவர்கள் காங் என்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்போது டிரம்மர் தம்பிக்கு. முப்பது வருடத்துக்கு மேல் ஆர்க்கெஸ்ட்ராவின் கடைசி வரிசையில் நின்றவன் நான். அதில் பெரும்பகுதி நேரம் எண்ணிக்கொண்டு மட்டும்தான் நின்றிருக்கிறேன்.

வித்தியாசம் உண்டு. தட்டின் நடுவில் கொப்பரைக் கிண்ணம் கவிழ்த்த மாதிரி ஒரு குமிழ் இருந்தால், அதில் அடித்ததும் பாடிக் காட்டக்கூடிய ஒரு சுரம் வந்தால், அது காங். குமிழ் இல்லாமல் முகம் ஏறக்குறைய தட்டையாக, விளிம்பு மட்டும் மடிந்து, எந்தச் சுரம் என்று சொல்ல முடியாத இரைச்சலாக மலர்ந்தால் டாம்டாம். 1926இல் மேடையேறிய 'துரந்தோ' ஓபராவுக்கு இத்தாலிய இசையமைப்பாளர் புச்சீனி வரிசையாகச் சுரம் கூட்டிய காங்குகள் கேட்டிருக்கிறார். அங்கே போய் டாம்டாமை நிறுத்த முடியாது. உங்கள் சாய்க்கோவ்ஸ்கிக்குச் சுரமே வேண்டாம், இருட்டு வேண்டும். பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் காங் என்பார்கள், அதில் தப்பில்லை. ஸ்கோரைப் படிக்கும்போது மட்டும் கவனம்.

ஓங்கி அடித்ததும் 'வளர்ந்தது' என்று எழுதினீர்களே, அதுதான் இந்த வாத்தியத்தின் முழு ரகசியம். உங்கள் ஸ்நேர் டிரம் அடித்த அந்தக் கணத்தில் உச்சத்தில் இருக்கும், அப்புறம் சாவதுதான் வேலை. டாம்டாம் அப்படி இல்லை. பலமான அடி முதலில் தட்டை மொத்தமாக, மெதுவாக, கீழ்ஸ்தாயியில் ஆட்டுகிறது. அந்தப் பெரிய ஆட்டம் உள்ளுக்குள்ளேயே உடைந்து உடைந்து சின்னச் சின்ன வேகமான அதிர்வுகளாகப் பிரிகிறது. அதனால் 'ஷ்ஷ்ஷா' என்ற பளபளப்பு அடித்த பிறகு வந்து சேர்கிறது, பெரிய தட்டில் ஒரு நொடிக்கும் மேல் கழித்து. கை விலகியபின் ஓசை ஏறுகிற வாத்தியம் வேறு எத்தனை உண்டு? மெல்ல அடித்தால் அந்த உடைதல் நடக்காது, கீழ்ச்சுரம் மட்டும் நின்று முனகும். உங்களுக்கு வேண்டியது இந்த முனகல்.

பீக்கிங் ஓபராவில் இன்னொரு வேடிக்கை கேட்கலாம். அடித்தவுடன் பெரிய லுவோவின் சுரம் கீழே வழுக்கும், சின்ன லுவோவின் சுரம் மேலே வழுக்கும். தட்டின் வடிவத்திலேயே அந்த வழுக்கலை வைத்துத் தட்டியிருக்கிறார்கள்.

சரி, அடி. 'டொக்' வந்ததற்குக் காரணம், தட்டு தூங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு எடையுள்ள உலோகத்தைத் தூக்கத்திலிருந்து எழுப்பவே கொஞ்சம் சக்தி போகும். நீங்கள் கொடுத்த சின்ன அடி மொத்தமும் எழுப்புவதிலேயே செலவாகிவிட்டது. அதனால் முன்கூட்டியே எழுப்பி வைக்க வேண்டும். அடிக்கு நாலைந்து நொடி முன்னால், மேலட்டின் (அடிக்கிற உருண்டைத் தலைக் குச்சியின்) கம்பளித் தலையால் தட்டைத் தொடுங்கள், தொட்டு எடுங்கள், தொட்டு எடுங்கள். இடது கையின் ரெண்டு விரல் நுனி விளிம்பில் இருக்கட்டும். காதுக்கு ஒன்றும் கேட்கக்கூடாது. விரல் நுனியில் மட்டும் ஒரு நமநமப்பு வரும், எறும்பு ஊர்கிற மாதிரி. அது வந்துவிட்டால் தட்டு தயார்.

மேலட் கனமாக இருக்க வேண்டும், தலை மெத்தென்று இருக்க வேண்டும். பேஸ் டிரம் மேலட் ஓரளவுக்குச் சமாளிக்கும், ஆனால் லேசான மேலட் மேலோட்டமான ஓசையைத்தான் எடுக்கும். தயவுசெய்து டிரம் குச்சியால் தொடாதீர்கள். அந்த உலோகம் ஏறக்குறைய 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும். வெள்ளீயம் அவ்வளவு போனால் வெண்கலம் நன்றாகப் பாடும், கண்ணாடி மாதிரி உடையவும் செய்யும். செய்கிறவர்கள் அதைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குகிறார்கள். எஃகை அப்படி முக்கினால் விறைக்கும், இதுவோ இளகும். காய்ச்சின பின் தானாக மெதுவாக ஆற விட்டால்தான் நொறுங்கும். அப்படிப் பக்குவம் பார்த்து அடித்து எடுத்த தட்டை விளிம்பில் மரக்குச்சியால் தட்டினால், விழுகிற முதல் விரிசலுக்குப் பிறகு அது வெறும் தகரம்.

நடுப்புள்ளியில் அடிக்காதீர்கள். நடுவிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் கீழே. முட்டித் தள்ளுகிற அடியும் வேண்டாம், வாசல் கதவைத் துடைத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு வீச்சு. தட்டு சட்டத்தில் ஆடாமல் தொங்குகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடுகிற தட்டை எதிர்கொண்டு அடித்தால் கணக்கு தப்பும்.

நிறுத்துவதும் வாசிப்பில்தான் சேர்த்தி. சத்தமான இடத்தில் சட்டென்று நிறுத்தச் சொல்லியிருந்தால் கை போதாது. ஒரு கையால் விளிம்பு, முழங்கால் கீழே, மார்பு நடுவில் என்று கட்டிப்பிடிக்க வேண்டும். நான் ஒருமுறை அப்படிக் கட்டிப்பிடித்தபோது கோட்டுப் பொத்தான் தட்டில் பட்டு 'ஸ்ர்ர்ர்ர்' என்று, எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி, அரங்கம் முழுக்கக் கேட்டது. அன்றிலிருந்து கோட்டுப் பொத்தானுக்கு மேல் கறுப்புத் துணி தைத்துக்கொண்டேன். உங்களுடைய அடியை நிறுத்த வேண்டாம், தானாக அடங்கட்டும். ட்ராம்போனும் டியூபாவும் அதன் மேல்தான் கால் வைத்து வருகின்றன.

இன்னொன்று. அந்தத் தட்டு தொங்குகிற கயிற்றைப் பாருங்கள். யாரும் பார்ப்பதே இல்லை. துளையின் விளிம்பு வருடக்கணக்கில் கயிற்றை அறுத்துக்கொண்டே இருக்கும். எங்கள் ஒத்திகை ஒன்றில் அது அறுந்து, தட்டு விளிம்பில் விழுந்து உருண்டு பேஸ் கிளாரினெட்டை நோக்கிப் போனது. தட்டு பிழைத்தது ஆச்சரியம். கிளாரினெட்காரர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு அப்புறம் வருகிறேன்.

---

நங்கூரம்:

இசைக்காரர்களுக்கு நடுவில் ஒரு கப்பல்காரன். மன்னிக்கவும், ஆனால் காங் என்றால் எனக்கு மூடுபனிதான்.

1972ஆம் வருடத்துச் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் இது இருக்கிறது. 100 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலில் விசில், மணி இரண்டோடு காங்கும் இருந்தாக வேண்டும். பார்வை மறைக்கிற பனியில் நங்கூரம் போட்டு நின்றால், முன்பகுதியில் ஏறக்குறைய 5 நொடி மணியைக் கடகடவென்று அடிக்க வேண்டும். அது முடிந்த கையோடு பின்பகுதியில் 5 நொடி காங். ஒரு நிமிடத்துக்குள் மறுபடி. மணியோசையோடு குழம்பாத ஓசையாக காங் இருக்க வேண்டும் என்பதும் விதியிலேயே உண்டு. எலக்ட்ரானிக் கருவி வைத்துக்கொள்ளலாம், ஆனால் கையால் அடிக்கவும் வழி இருக்க வேண்டும்.

காரணம் எளிது. பனிக்குள் வருகிறவனுக்கு எங்களைத் தெரியாது. மணி கேட்கிற இடம் தலை, காங் கேட்கிற இடம் வால். இரண்டுக்கும் நடுவில் உள்ளது எல்லாம் இரும்பு, நுழையாதே.

கேடட்டாக இருந்தபோது கருவி மக்கர் பண்ணி, பின்தளத்தில் விடியும்வரை நான் அடித்தேன். முன்னே மணி ஓய்வது கேட்கும், உடனே என் முறை. முன்னால் அடிக்கிறவனின் முகம் ஒருதரம்கூடத் தெரியவில்லை. மேலட்டாவது கம்பளியாவது, எங்களுடையது கட்டைதான், பெரியவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

---

கமெலான்_மாணவி:

நான் ஜாவா கமெலான் கற்றுக்கொள்கிறேன், காங்குகளும் மற்ற உலோகத் தாளவாத்தியங்களும் சேர்ந்த குழு இசை அது. நாலு வருடம் ஆகிறது. எங்களிடம் இருப்பது குமிழ் வைத்த அசல் காங்குகள். அதில் பெரியது காங் அகெங். கமெலான் வாத்தியத் தொகுதிகள் பலவற்றுக்குப் பெயரே உண்டு, பெயருக்கு முன்னால் 'கியாய்' என்று மரியாதை அடைமொழியோடு. வாத்தியங்களைத் தாண்டிக் கால் வைக்கக்கூடாது என்பது முதல் நாள் பாடம். காங் அகெங்குக்குப் பூவும் தூபமும் வைப்பது ஜாவாவில் இன்றும் நடக்கிறது.

டிரம்மர் கேட்ட 'என்ன கெட்டுப்போகும்' என்பதற்கு எங்கள் பக்கத்துப் பதில்: எல்லாமே கெட்டுப்போகும். ஒரு சுற்றுக்கு காங்கை வைத்தே பெயர், காங்கான். லன்சாரன் என்ற வடிவத்தில் 16 அடிக்கு ஒரு காங், லட்ராங்கில் 32 அடிக்கு ஒன்று. நடை மெதுவாகிவிட்டால் இரண்டு காங்குகளுக்கு நடுவில் ஒரு கதையே சொல்லி முடிக்கலாம். நம்ம ஊர்த் தாளம் பழகிய காதோடு போனதால் எனக்கு முதல் ஆறு மாதம் தலை சுற்றியது. நமக்கு ஆவர்த்தனம் சமத்தில் தொடங்கும், கனம் முதல் அடியில். அங்கே எண்ணிக்கை காங்கில் போய் முடியும், கனம் கடைசி அடியில். பதினாறாவது அடிதான் வீடு. ஒன்று என்பது வீட்டை விட்டுக் கிளம்பின முதல் எட்டு.

பாட்டு நிறைவடையும்போது எல்லோரும் வேகத்தைத் தளர்த்தி, காங் விழுகிறவரை காத்திருந்து, அதற்கப்புறமே கடைசி சுரத்தை வைப்பார்கள். காங் அடிப்பவர் நிதானித்தால் இருபது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அடித்தபின் அந்த ஓசை சீராக ஓடாது, கூடிக் குறைந்து கூடிக் குறைந்து ஆடும். அந்த ஆட்டத்துக்கு ஓம்பாக் என்று பெயர். அலை என்றுதான் அர்த்தம். நல்ல காங் எது என்று ஓம்பாக்கை வைத்துத்தான் பேசிக்கொள்வார்கள்.

---

பழைய_சிம்பல்காரன்:

அம்மா, நான் சொல்ல வந்ததை நீங்கள் பாதி சொல்லிவிட்டீர்கள். கட்டையால் அடித்த கப்பல்காரரை மன்னித்தாயிற்று, பனிக்கு விலக்கு உண்டு.

விட்டுவிடலாமா என்றால், தம்பி, காங் எதைத் தொடங்கி வைத்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிட, சினிமா ஆரம்பிக்க என்று சில்லறை வேலைகள் இருக்கின்றன. (அந்தப் பழைய பிரிட்டிஷ் ராங்க் நிறுவனப் படங்களின் ஆரம்பத்தில் ஒரு பயில்வான் ராட்சத காங்கை அடிப்பாரே, அந்தத் தட்டு போலி. ஓசையை ஜேம்ஸ் பிளேட்ஸ் என்ற தாளக்கலைஞர் வேறொரு நிஜ டாம்டாமில் அடித்துக் கொடுத்தார்.) ஆனால் கனமான வேலைகள் எல்லாம் முடிவைச் சொல்வதுதான். பழைய சீனப் படைகளில் முரசு கொட்டினால் முன்னேறு, உலோகம் ஒலித்தால் திரும்பி வா. 'உலோகத்தை ஒலித்துப் படையைத் திருப்பி அழை' என்று இன்றும் அவர்கள் மொழியில் வழக்கு உண்டு. கப்பலில் அது வால். கமெலானில் வீடு.

ஐரோப்பிய ஆர்க்கெஸ்ட்ரா இதைச் சாவுக்கென்றே வாங்கி வைத்துக்கொண்டது. 1791இல் பாரீசில் பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் மிராபோவின் இறுதி ஊர்வலத்தில் வாசித்த கோசெக்கின் இசையில் டாம்டாம் ஒலித்தது. இசையமைப்பாளர் பெர்லியோஸ் வாத்தியங்களைப் பற்றி எழுதும்போது, சாவுக்கும் பயங்கரக் காட்சிக்கும் உரியது இது என்று வரையறுத்தே வைத்துவிட்டார். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 'மரணமும் உருமாற்றமும்' எழுதியபோது உயிர் பிரிகிற இடத்தில் டாம்டாமைத்தான் மெல்ல வைத்தார்.

அப்புறம் உங்களுடையது. 1893 அக்டோபர் 28, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முதல் அரங்கேற்றத்தை சாய்க்கோவ்ஸ்கியே நின்று நடத்தினார். ஒன்பதாம் நாள் இறந்துபோனார். இதை வைத்து ஆளாளுக்குக் கதை கட்டுவார்கள், எனக்கு அதில் ருசி இல்லை. ஸ்கோரைப் பாருங்கள், போதும். மூன்றாம் பகுதியில் சிம்பலும் பேஸ் டிரமும் சேர்ந்து ஆர்ப்பாட்டமாக முடிக்கின்றன, கச்சேரி முடிந்துவிட்டது என்று சபை கைதட்டிவிடுவதும் சகஜம். நாலாம் பகுதியில் அதெல்லாம் இல்லை. ஒரு பெரிய அலறல் தணிந்து தணிந்து வருகிறது, கையால் வாயை அடைத்து ஊதுகிற கொம்புகள் முனகுகின்றன, அப்போது உங்கள் ஒரே அடி. உடனே ட்ராம்போன்களும் டியூபாவும் துக்க வீட்டில் பேசுகிற குரலில். அதற்கப்புறம் அந்த சிம்பொனி எழுந்திருக்கவே இல்லை.

'விருப்பப்பட்டால்' என்று போட்டது, தட்டு இல்லாத குழுவும் வாசிக்கட்டும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். உங்களிடம் தட்டு இருக்கிறது. அடியுங்கள்.

இந்த சாவு வேலையிலிருந்து காங்கை விடுவித்தவர்களும் உண்டு. ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளர், அடித்த காங்கைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிச் சுரத்தை வழுக்கவிட்டார். 1964இல் ஸ்டாக்ஹௌசன் என்ற இன்னோர் இசையமைப்பாளர் ஒரே ஒரு டாம்டாமை ஆறு பேரிடம் கொடுத்தார். இரண்டு பேர் அதைக் கையில் கிடைத்ததாலெல்லாம் உரசித் தட்ட, இரண்டு பேர் மைக்கை டாக்டர் ஸ்டெத்தாஸ்கோப் மாதிரி நகர்த்த, இரண்டு பேர் அந்த ஓசையை ஃபில்டரில் திருக வேண்டும். உள்ளே எவ்வளவு பேர் குடியிருக்கிறார்கள் என்று அப்போது தெரியும்.

---

மூணாவது_டிரம்மர்:

கச்சேரி முடிந்தது. உங்கள் யாருக்கும் நன்றி சொல்லாமல் இருந்ததற்கு மன்னிப்பு.

வீட்டில் பழக இந்தத் தட்டு இல்லை. அதனால் ஒத்திகைக்கு அரை மணி முன்னால் போய்த் தனியாக நின்றேன். எறும்பு ஊர்கிற அந்த நமநமப்பு முதல் நாள் வரவில்லை, அல்லது வந்தது எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் நாள் நாலாவது முயற்சியில் வந்தது. பயந்து கையை எடுத்துவிட்டேன்.

கச்சேரியன்று மூன்றாம் பகுதி முடிந்ததும் பெரியவர் சொன்ன மாதிரியே கைதட்டினார்கள். கண்டக்டர் திரும்பாமலே கையைத் தூக்கி நிறுத்தினார். அப்புறம் நாலாம் பகுதி. இருக்கையிலிருந்து எழுந்து நின்று எண்ண ஆரம்பித்தேன், எண்ணிக்கை நடுவில் ஒருமுறை தொலைந்தும் போனது. அடைத்த கொம்புகள் காப்பாற்றின, அந்த முனகல் வந்ததும் இடம் புரிந்தது. தொட்டேன், எடுத்தேன், தொட்டேன், எடுத்தேன். விரல் நுனிக்கு அடியில் தட்டு விழித்துக்கொண்டது. கண்டக்டர் பார்த்தார். துடைத்தேன்.

சத்தம் என்று சொல்ல முடியாது. தரை கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது. எனக்கு முன்னால் இருந்த ட்ராம்போன்காரரின் முதுகு மூச்சு வாங்கி உயர்ந்தது, அவர்கள் ஆரம்பித்தபோது என் தட்டு இன்னும் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. கமெலான்_மாணவி சொன்ன அலை இதிலும் கொஞ்சம் இருந்ததாக எனக்குத் தோன்றியது, விரலில்.

பெரியவருக்கு ஒன்று. கயிற்றைப் பார்க்கச் சொன்னீர்களே, கச்சேரிக்கு முந்தின வாரம் மாற்றினேன். இடது துளையில் இருந்த பழைய கயிறு, முடிச்சை அவிழ்க்கப் போனபோதே கையோடு பிய்ந்து வந்துவிட்டது. தட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவர் பேஸ் கிளாரினெட்.